இசைத்தட்டின் விலை எங்கே இருக்கிறது?

2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. அதன் விட்டம் ஏழு அங்குலம். எடை சுமார் 40 கிராம். பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஒவ்வொன்றும் சில நிமிடங்களே ஓடும். அந்தத் தட்டை ஒருவர் 25,742 பவுன் கொடுத்து வாங்கினார். 2020-இல் அதே பாட்டின் தட்டு ஒன்று 1,00,000 பவுனுக்குக் கைமாறியது. அதே பாட்டைப் பிற்காலத்தில் அச்சிட்ட தட்டில் மிகச் சொற்ப விலைக்கே கேட்டுவிடலாம். அப்படியானால் அவ்வளவு பணமும் எதற்காக? பிளாஸ்டிக்குக்கா, பாட்டுக்கா, அல்லது வேறு எதற்காவதா?

மாணவ நண்பர்களே, பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பதும் வாங்கி விற்பதும் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் இயற்பியலும் வேதியியலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் வெளியிட்ட தட்டுகளின் விஷயத்தில் இது இன்னும் அவசியம். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

காடிக்குள் ஒலி

உழுத வயலை வரப்பில் நின்று பார்த்திருப்பீர்கள். ஏர் போன வழியெல்லாம் சால்கள் வரிவரியாகத் தெரியும். இசைத்தட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அதுவும் உழுத வயலைப் போலத்தான் இருக்கும். ஒரு வேறுபாடு உண்டு. வயலில் சால்கள் பல. தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பதோ ஒரே சால். விளிம்பில் தொடங்கி, சுருள் சுருளாக மையத்தை நோக்கிச் செல்லும் அந்த நுண்ணிய பள்ளத்தைக் ‘காடி’ என்று சொல்வோம்.

அதன் நீளம் எவ்வளவு இருக்கும்? நீங்களே கணக்கிடலாம். பெரிய இசைத்தட்டு, அதாவது எல்.பி., நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றுகிறது. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் மொத்தம் ஏறத்தாழ 733 சுற்றுகள். காடி 14.6 செ.மீ. ஆரத்தில் தொடங்கி 6 செ.மீ. ஆரத்தில் முடிகிறது என்று கொள்வோம். சராசரி ஆரம் 10.3 செ.மீ.; அதற்குரிய சுற்றளவு சுமார் 64.7 செ.மீ. இதை 733-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 474 மீட்டர் வருகிறது. அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான பாதையை ஊசி உட்கார்ந்த இடத்திலேயே நடந்து முடிக்கிறது!

இந்தக் காடி நேராகப் போவதில்லை. நெளிந்து நெளிந்து போகிறது. அந்த நெளிவுதான் ஒலி. விநாடிக்கு 440 அதிர்வுள்ள சுரம் ஒலித்தால் ஒரு விநாடியில் ஊசி கடக்கும் தூரத்தில் 440 நெளிவுகள் இருக்கும். ஒலி உரத்தால் நெளிவு அகலும், தணிந்தால் குறுகும். ஊசி நெளிவுகளில் அசையும்போது அதனோடு இணைந்த ஒரு சிறு காந்தமும் கம்பிச்சுருளின் அருகே அசைகிறது. அசையும் காந்தம் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சிறு மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பாட்டுக் கேட்கிறது.

இப்போது ஒரு கேள்வி. பெரிய தட்டில் முதல் பாட்டு தெளிவாகவும், கடைசிப் பாட்டு சற்றுக் கரகரப்பாகவும் ஒலிப்பது ஏன்? சுழலும் வேகம் ஒன்றே. ஆனால் விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. காடி ஓடுகிறது, மையத்தின் அருகிலோ 21 செ.மீ.தான். விநாடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலியின் ஒரு நெளிவுக்கு விளிம்பில் 51 மைக்ரான் இடம் கிடைக்கிறது; உள்ளே 21 மைக்ரான்தான். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) நெருக்கமாக மடிந்த நெளிவுகளை ஊசிமுனை சரியாகத் தொடர முடிவதில்லை. தேய்மானமும் அங்கேதான் முதலில் காதுக்குத் தெரியும். ஆகவே பழகிய வியாபாரிகள் ஒரு தட்டைச் சோதிக்கும்போது கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்பார்கள்.

தேய்மானம் ஏன் ஏற்படுகிறது? ஊசி வெறும் இரண்டு கிராம் எடையில்தானே அழுத்துகிறது என்று தோன்றலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. ஊசியின் ஒரு பக்கம் காடிச்சுவரைத் தொடும் இடம் 10 மைக்ரான் நீள அகலமுள்ள சதுரம் என்றும், அங்கே ஒரு கிராம் சுமை விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பரப்பு ஒரு சதுர செ.மீ.இல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்படியானால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு பத்து லட்சம் கிராம், அதாவது ஒரு டன்! அந்த இடத்தில் ஒரு மணல் துகள் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவலரக்கிலிருந்து வினைலுக்கு

முற்காலத்து இசைத்தட்டுகளின் மூலப்பொருளுக்கு நம் நாட்டோடு நெருங்கிய உறவு உண்டு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினிலிருந்து அவலரக்கு கிடைக்கிறது. மரச்சாமான்களுக்கு மெருகேற்றத் தச்சர்கள் பயன்படுத்தும் அதே பொருள்தான். அதோடு கல்மாவும் கரிப்பொடியும் கலந்து அழுத்திச் செய்தவையே நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பழைய தட்டுகள். கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கும். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்து அரக்கு போவது தடைப்பட்டதால் அமெரிக்காவில் தட்டுத் தொழில் திண்டாடியது.

போருக்குப் பின், 1948 ஜூனில், கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன 33⅓ சுற்று எல்.பி. தட்டை வெளியிட்டது. 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் ஏழு அங்குல, 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு என்ற பலபடியை அடிப்படையாகக் கொண்ட பிளாஸ்டிக். வளையும்; எளிதில் உடையாது; கல்மா கலக்க வேண்டியதில்லை என்பதால் இரைச்சலும் குறைவு. எனவே காடியை மெலிதாக வெட்ட முடிந்தது. பழைய தட்டில் ஒரு செ.மீ. அகலத்தில் சுமார் 40 வரிகள் இருந்தன, எல்.பி.யில் 90 முதல் 120 வரை அடக்கலாம்.

ஒரே காடியில் இடது, வலது என்று இரண்டு ஒலிகளை அடக்கும் முறைக்கு ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இலேயே காப்புரிமை கோரியிருந்தார். ஆங்கில ‘வி’ எழுத்துப் போன்ற காடியின் ஒரு சுவரில் இடப்பக்க ஒலியும், மறு சுவரில் வலப்பக்க ஒலியும் பதியும். பெரிய நிறுவனங்கள் தயங்கி நின்றபோது, 1957-இன் இறுதியில் அத்தகைய ஸ்டீரியோ தட்டை முதலில் அச்சிட்டுக் காட்டியது ஆடியோ ஃபிடெலிட்டி என்ற சிறிய அமெரிக்க நிறுவனம். சிறியவர்கள் முந்திக்கொள்வது இத்துறையில் புதிதல்ல.

சிறு நிறுவனம் தட்டுப் போடும் கதை

தட்டின் நடுவே உள்ள வட்டக் காகிதத்தை ‘லேபிள்’ என்பார்கள். அதில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். நாளடைவில் நிறுவனத்தையே லேபிள் என்று அழைக்கத் தொடங்கினர். பெரிய கம்பெனிகளின் பிடியில் இல்லாமல் தனித்து நடப்பவை சுதந்திர லேபிள்கள். சிகாகோ நகரின் செஸ், மெம்பிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சன், டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் ஆகியவை இப்படித் தொடங்கியவையே. 1959-இல் பெரி கோர்டி தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித்தான் மோட்டவுனுக்கு வித்திட்டார்.

இவ்வளவு குறைந்த முதலில் எப்படி முடிந்தது? அச்சகம் வைத்திருப்பவர்தான் புத்தகம் வெளியிட வேண்டும் என்பதில்லை அல்லவா? அதுபோலத் தட்டு அச்சிடும் ஆலைகள், பணம் கொடுத்தால் யாருக்கும் அச்சிட்டுக் கொடுத்தன.

அச்சிடும் முறை இது. முதலில், லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் வைரம் அல்லது மாணிக்க முனை கொண்ட உளி காடியை வெட்டுகிறது. அதன்மேல் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைத்து, மின்முலாம் முறையில் நிக்கலைத் தடிமனாக ஏற்றுகிறார்கள். நிக்கலைப் பிரித்தெடுத்தால் காடிக்குப் பதிலாக மேடு உள்ள எதிர்ப்படிவம் கிடைக்கும். இதற்குத் ‘தந்தை’ என்று பெயர். தந்தையிலிருந்து காடியுள்ள ‘தாய்’. தாயிலிருந்து மீண்டும் மேடுள்ள அச்சுத்தகடுகள். இரண்டு அச்சுத்தகடுகளுக்கு நடுவே சூடான வினைல் உருண்டையை வைத்து அழுத்தினால், ஆப்பம்போல் பரந்து இசைத்தட்டாகிறது. ஓர் அச்சுத்தகடு ஆயிரம் தட்டு அளவுக்கு அச்சிட்டதும் மழுங்கத் தொடங்கும். அப்போது தாயிலிருந்து புதிய தகடு எடுத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் சிறு நிறுவனத்தின் நிலைமை வேறுபடுகிறது. ஐந்நூறு தட்டுகள் மட்டும் போதும் என்றால் தாய் எதற்கு? செலவைக் குறைக்கத் தந்தையையே அச்சுத்தகடாக மாற்றி அழுத்திவிடலாம். மிச்சம்தான். ஆனால் அது மழுங்கியபின் மறுபடி எடுப்பதற்கு ஒன்றுமில்லை. முதலிலிருந்து வெட்ட வேண்டும். மூல ஒலிநாடாவும் தொலைந்து போயிருந்தால் அதுவும் முடியாது. உலகில் எஞ்சியவை அந்த ஐந்நூறு தட்டுகளே.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற இசைக்குழுவினர் 500 பவுன் கடன் வாங்கி, தாங்களே நியூ ஹார்மோன்ஸ் என்று ஒரு லேபிளைத் தொடங்கி, 1977 ஜனவரியில் நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு தட்டை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1,000. கடைசியில் விற்றது 16,000. கம்பெனிக்காரர்களின் வாசலில் காத்திருக்காமல் நாமே செய்யலாம் என்று எத்தனையோ இளைஞர்கள் அதைப் பார்த்துத் துணிந்தார்கள். லண்டனில் 1976-இல் ஜெஃப் டிராவிஸ் திறந்த ரஃப் டிரேட் என்ற கடை இத்தகைய தட்டுகளை விற்கும் இடமாக வளர்ந்து, 1978-இல் தானும் ஒரு லேபிளாயிற்று.

பாட்டு முடிந்த இடத்தில் எழுத்து

பாட்டு முடிந்தபின் லேபிளுக்கு முன்னால் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்; அங்கே சில எண்களும் எழுத்துகளும் தெரியும். இவை காகிதத்தில் அச்சிட்டவை அல்ல. மூல லாக்கர் தட்டிலேயே கீறியவை. அல்லது உலோகத் தகட்டில் முத்திரை குத்தியவை. எந்த மூலத்திலிருந்து, எத்தனையாவது முறை வெட்டியது என்பன போன்ற விவரங்கள் இவற்றில் அடங்கும். சிலர் தம் பெயரையும் பொறித்தார்கள். ஜார்ஜ் பெக்கம் என்ற ஆங்கிலேய வெட்டுநர் தம் செல்லப் பெயரான ‘போர்க்கி’யைக் கீறிய தட்டுகள் சேகரிப்போரிடையே பிரபலம்.

லேபிள் காகிதத்தைப் போலியாக அச்சிடுவது எளிது. இந்த எழுத்துகளை அதே வடிவில் அதே இடத்தில் கொண்டுவருவது கடினம். ஆகவே அசலையும் மறுபதிப்பையும் பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இன்னொரு தடயமும் உண்டு. போலி செய்பவரிடம் மூல நாடா இருக்காது. ஏதாவதொரு பழைய தட்டை ஓடவிட்டு அதிலிருந்துதான் புதிய காடியை வெட்டுவார். அப்போது பழைய தட்டின் கீறல் ஓசையும் சேர்ந்தே பதிந்துவிடும். கண்ணுக்குக் கீறல் தெரியாத புத்தம்புதிய தட்டில் ‘டிக், டிக்’ என்று கேட்டால் சந்தேகப்பட வேண்டாமா?

தரம் பார்ப்பது எப்படி?

தட்டு வியாபாரம் பெரும்பாலும் தபாலில் நடந்து வந்தது. இன்று கணிப்பொறி வழியாகவும் நடக்கிறது. வாங்குபவர் தட்டைப் பார்ப்பதற்கு முன்பே பணத்தை அனுப்புகிறார். ஆகவே விற்பவர் எழுதும் ஓரிரு சொற்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய கோல்ட்மைன் என்ற இதழின் தரவரிசையையே பலரும் பின்பற்றுகிறார்கள். நாணயச்சாலையிலிருந்து அப்போதுதான் வந்த காசுபோல் இருந்தால் ‘மின்ட்’. அதற்கு அடுத்தது ‘நியர் மின்ட்’. பிறகு ‘வெரி குட் பிளஸ்’, ‘வெரி குட்’, ‘குட்’ என்று இறங்கும். ‘குட்’ என்றால் நல்லது என்று எண்ணி ஏமாறாதீர்கள். ஊசி தாவாமல் ஓடும், ஆனால் இரைச்சல் நிறைய இருக்கும் என்பதே அதன் பொருள்!

இந்தச் சொற்களுக்குப் பின்னால் உள்ள சோதனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஒரே ஒரு பிரகாசமான விளக்கின்கீழ் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது. மயிரிழை போன்ற மேலோட்டக் கோடுகள் பெரும்பாலும் ஒலியைக் கெடுப்பதில்லை. விரல்நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் கெடுக்கும். காடிகளைக் குறுக்காக வெட்டும் கீறலை ஊசி சுற்றுக்கு ஒருமுறை சந்திக்கும். 33⅓ சுற்றுத் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆகவே 1.8 விநாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்டால் அது கீறல். ஒழுங்கில்லாமல் படபடத்தால் அது பெரும்பாலும் தூசி. கீறலை நீக்க முடியாது, தூசியைக் கழுவலாம். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தவர், மற்றவர்கள் ஒதுக்கிய தட்டை மலிவாக வாங்கிவிடுவார்.

இரண்டாவது, நடுத்துளை. துளை மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் என்ன ஆகும்? 10 செ.மீ. ஆரத்தில் காடியின் வேகம் 0.5 சதவீதம் கூடியும் குறைந்தும் வரும். சுருதியும் அவ்வாறே ஏறி இறங்கும். அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையே சுமார் 6 சதவீத வேறுபாடு இருப்பதால் இது சிறியதுதான். ஆயினும் வீணையோ பியானோவோ நீண்டு ஒலிக்கும் இடத்தில் கூர்மையான காது அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, பொருள். அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் 45 சுற்றுத் தட்டுகள் பலவும் வினைல் அல்ல, பாலிஸ்டைரீன். அழுத்திச் செய்யாமல் அச்சுக்குள் உருக்கிப் பீய்ச்சிச் செய்தவை. விரைவாகச் செய்யலாம் என்பதால் ஆலைகள் இதை விரும்பின. ஆனால் ஸ்டைரீன் வளையாது, சீக்கிரம் தேயும். வினைல் தட்டில் லேபிள் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து அழுந்திப் பதிந்திருக்கும். ஸ்டைரீன் தட்டில் பின்னால் ஒட்டியிருப்பார்கள். பளபளப்பாகத் தெரியும் ஸ்டைரீன் தட்டைக் கேட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

நான்காவது, பராமரிப்பு. வினைல் ஒரு மின்கடத்தாப் பொருள். உறையிலிருந்து உரசி எடுக்கும்போதே நிலைமின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும். ஆகவே விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வினைல் இளகிக் கோணும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். பழைய 78 சுற்றுத் தட்டை மட்டும் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துவிடாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். அழுக்கோடு பாட்டும் போய்விடும்!

விலையை ஏற்றுவது எது?

முதலில் சொன்ன தட்டுக்கு இப்போது வருவோம். அதில் பாடியவர் ஃபிராங்க் வில்சன். 1965-இல் மோட்டவுன் தன் துணை லேபிளான ‘சோல்’ பெயரில் அதை அச்சிட்டது. விற்பனைக்கு வருமுன்பே திட்டம் கைவிடப்பட்டது; அச்சிட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. வில்சன் பாட்டெழுதித் தயாரிக்கும் பணியில் நிலைத்துவிட்டார். நெடுங்காலம் உலகில் இரண்டே பிரதிகள்தான் இருப்பதாக அறியப்பட்டது.

ஆனால் அரிதாக இருப்பது மட்டும் போதாது. யாருக்கும் வேண்டாத அரிய பொருள்கள் குப்பையில் எவ்வளவோ கிடக்கின்றன. 1970-களில் வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் இளைஞர்கள் இரவு முழுவதும் நடனமாடும் கூடங்கள் இருந்தன. 1973-இல் தொடங்கிய விகன் கேசினோ அவற்றில் புகழ்பெற்றது. அமெரிக்கச் சிறு லேபிள்களில் விற்காமல்போன பாட்டுகளே அங்கே உயிர். வேறெவரிடமும் இல்லாத தட்டைத் தேடிக் கொண்டுவந்து போடுவதில் இசை போடுபவர்களுக்குள் போட்டி. பாட்டு எதுவென்று பிறர் அறியாதபடி லேபிளின்மேல் காகிதம் ஒட்டி மறைத்ததும் உண்டு. இப்படித்தான் விற்காத தட்டுக்கு விலை பிறந்தது.

1979-இல் இதே பாட்டு இங்கிலாந்தில் மறுபதிப்பாக வெளிவந்தது. அதன்பிறகு பாட்டு எல்லாருக்கும் கிடைத்தது. அசலின் விலையோ இறங்கவில்லை. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. பாட்டின் விலை வேறு. முதல் தட்டின் விலை வேறு. முன்னது கேட்பதற்கு, பின்னது சான்றாக வைத்திருப்பதற்கு.

தட்டே மூலமாகும்போது

சான்று என்றா சொன்னோம்? அது வெறும் பெருமைச் சொல் அல்ல. பாரமவுண்ட் என்ற லேபிளின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் நிறுவனம் ஒன்று 1917-இல் தொடங்கிய லேபிள் அது. இசைத்தட்டுப் பெட்டிகளைச் செய்தவர்கள், அவற்றில் போடத் தட்டும் செய்தார்கள். கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பதிந்து அவர்களுக்கே விற்றார்கள். சார்லி பேட்டன், சன் ஹவுஸ் போன்ற கலைஞர்கள் கிராஃப்டன் என்ற சிற்றூர் வரை வந்து பாடினார்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் லேபிள் மூடிப்போயிற்று. மூல உலோகத் தகடுகளில் பெரும்பாலானவை காப்பாற்றப்படவில்லை.

பிற்காலத்தில் சேகரிப்போர் தென் மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று பழைய தட்டு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அவர்கள் கண்டெடுத்த தேய்ந்த தட்டுகளிலிருந்துதான் இன்று அந்தப் பாட்டுகளைக் கேட்கிறோம். 1930-இல் சன் ஹவுஸ் பாடிய ஒரு தட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. ஒரே ஒரு பிரதி அகப்பட்டபின், 2006-இல் தான் உலகம் அதைக் கேட்டது. அதே லேபிளில் டாமி ஜான்சன் பாடிய ஒரு தட்டு 2013-இல் 37,100 டாலருக்கு விற்றது. அந்தத் தட்டு உடைந்தால் ஒரு பொருள் மட்டுமா உடைகிறது?

பெரிய கிடங்குகளும் பாதுகாப்பானவை என்று சொல்வதற்கில்லை. 2008 ஜூன் 1-ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. செஸ் உட்படப் பழைய லேபிள்கள் பலவற்றின் மூல நாடாக்கள் இருந்த கிடங்கும் அதில் எரிந்தது. எவ்வளவு அழிந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தது. தட்டு வெட்டத் தேவையான லாக்கர் தட்டுகளைச் செய்த ஆலைகள் உலகிலேயே இரண்டுதான். அவற்றில் ஒன்று இது. 2022-இல் அமெரிக்காவில் 1987-க்குப் பிறகு முதல் முறையாகக் குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. தேவை ஏறிக்கொண்டே இருக்க, மூலப்பொருள் செய்யும் இடங்களோ விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன.

1977-இல் வாயேஜர் விண்கலங்களில் விஞ்ஞானிகள் பூமியின் ஒலிகளை அனுப்பியபோது தேர்ந்தெடுத்ததும் காடி வெட்டிய தட்டையே. அது தங்கமுலாம் பூசிய செப்புத்தட்டு. நிமிடத்துக்கு 16⅔ சுற்று. செஸ் என்ற சிறு லேபிளுக்காக சக் பெரி பாடிய பாட்டும் அதில் இருக்கிறது. நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும் இருக்கிறது. தட்டோடு ஊசியையும் அனுப்பினார்கள். சங்கேத மொழி தெரியாவிட்டாலும், காடியும் ஊசியும் இருந்தால் எந்த அறிவுள்ள உயிரும் ஒலியை மீட்டுவிடலாம் அல்லவா?

நம் ஊரில்

இந்தியாவில் நெடுங்காலம் கிராமபோன் கம்பெனியின் ‘நாய் மார்க்’ தட்டுகளே கோலோச்சின. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அவை அச்சாயின. பின்னர் இன்ரிகோ போன்றவை வந்தன. சென்னையின் எக்கோ நிறுவனம் 1980-களில் இளையராஜா இசையமைத்த பல படங்களின் தட்டுகளை வெளியிட்டது. 1985-இல் தீயில் அழிந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகங்களோடு பழைய தட்டுகளையும் தேடிப் போகும் இடமாக இருந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் தட்டுகள் இருக்கலாம். எடைக்குப் போடுமுன் லேபிளில் உள்ள பெயரையும், வழவழப்பான வளையத்தில் உள்ள எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தச் சேகரிப்பும் அப்படி ஒரு பட்டியலில்தான் தொடங்குகிறது.

செய்து பாருங்கள்

உடைந்துபோன அல்லது எதற்கும் உதவாது என்று பெரியவர்கள் சொன்ன தட்டு ஒன்றை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூசி காடியைக் கீறிவிடும் என்பதால் நல்ல தட்டில் செய்யக்கூடாது. ஒரு தாளைக் கடலைப் பொட்டலம்போல் கூம்பாகச் சுருட்டி ஒட்டுங்கள். கூம்பின் நுனியில் ஒரு குண்டூசியைக் குத்தி, முனை வெளியே நீளும்படி வையுங்கள். தட்டின் துளையில் ஒரு பென்சிலைச் செருகி, பசைநாடாவால் இறுக்கிப் பம்பரம்போல் நிதானமாகச் சுழற்றுங்கள். கூம்பை இலேசாகப் பிடித்து ஊசிமுனையைக் காடியில் படவிடுங்கள்.

மின்சாரமில்லை, ஒலிபெருக்கியில்லை. ஆனாலும் கூம்புக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்கும். ஊசியின் அசைவு தாளை அசைக்கிறது, தாள் காற்றை அசைக்கிறது, அவ்வளவுதான். வேகமாகச் சுழற்றினால் குரல் கீச்சிடும். மெதுவாகச் சுழற்றினால் தடிக்கும். அதன் காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். என்றோ ஒருநாள் எங்கோ ஓர் அறையில் ஒருவர் பாடியபோது எழுந்த அசைவு, அந்தக் காடியில் அப்படியே உறைந்து கிடக்கிறது. தட்டுக்கு மனிதர்கள் கொடுக்கும் விலை ஏறலாம், இறங்கலாம். அந்த அசைவு ஒருமுறை தேய்ந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்தாலும் திரும்ப வராது.